சுகந்தியின் பாதி

சுகந்தியின் பாதியில் மூக்கை நுழைக்க வேண்டிய அவசியமே ஜெசிந்தாவுக்கு இல்லை. தன் பாதியைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டாள். பக்கங்களைச் சோதிக்கிற நிரல் காட்டிய இருநூற்றுச் சொச்சம் எச்சரிக்கைகளில் தொடங்கி, மூன்று வாரமாக ஒவ்வொன்றாகக் கழித்து, இன்றைக்குப் பன்னிரண்டரைக்குத் திரையின் அடியில் பூஜ்யம் என்று வந்தது. வந்தபோது பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. தலைக்குக் குளித்த மாதிரி லேசாக இருந்தது, அவ்வளவுதான். பேசாமல் எழுந்துபோய் ஒரு டீ குடித்திருக்கலாம், லிஃப்ட் பக்கத்து ஜன்னலில் நின்று பெருங்குடிச் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்பதைப் பார்த்திருக்கலாம், ஆனால் ஐந்து மணிக்கு மேனேஜர் ரகோத்தமன் கூப்பிடுவான், அதுவரை கிடந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் மைனாவின் பக்கங்களைச் சும்மா வாசிக்கலாம் என்று உட்கார்ந்தாள். மைனா என்பது அவள் கம்பெனியின் பைத்தான் ஃபிரேம்வொர்க், அதாவது தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பு. வலைத்தளம் கட்டுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் பக்கங்கள் தொள்ளாயிரம், அவற்றில் முக்கால்வாசி ஜெசிந்தாவும் சுகந்தியும் எழுதியவை. யாரும் ஆசைப்பட்டு வாசிக்காத பக்கங்கள். எதுவோ ஓடாமல் நின்றுபோனால்தான் வருவார்கள், திட்டிக்கொண்டே வருவார்கள், வேண்டிய இரண்டு வரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், எழுதியவள் இருக்கிறாளா செத்தாளா என்று கேட்க மாட்டார்கள். பதினாலு வருஷமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை, இந்த மாதம் வரைக்கும்.

இந்த மாதம் முதல் வாரத்தில் ரகோத்தமன் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தான். அவர்களைவிட எட்டு வயது சின்னவன், மரியாதை தெரிந்தவன், கெட்ட செய்தி சொல்லும்போது தண்ணீர் பாட்டிலை எதிரே நகர்த்திவைக்கிற வகை. "பக்கத்துல எந்தப் பேரு வந்தாலும் அத க்ளிக் பண்ணா அதோட பக்கத்துக்குப் போவணும், இல்லையா? பாதி இடத்துல போவல. இருபது பேர் கைபட்டு கந்தரகோளமா கெடக்கு. ரெண்டு பேரும் பாதி பாதியாப் பிரிச்சு க்ளீன் பண்ணிடுங்க. அடுத்த மாசத்துலேருந்து கேள்வி கேக்குறவங்களுக்கு மெஷின்தான் பதில் சொல்லப்போவுது, அது இந்தப் பக்கங்களப் படிச்சுத்தான் கத்துக்கும்" என்றான். சுகந்தி, "அப்ப நாங்க?" என்று கேட்டாள். அவள்தான் கேட்பாள். ஜெசிந்தாவுக்கு அந்த மாதிரி கேள்வி தொண்டைவரை வந்து அங்கேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளும். "ஒரு ரைட்டர் போதும்னு மேல நெனைக்கிறாங்க" என்றான் ரகோத்தமன், "இருபத்தாறு, வெள்ளிக்கிழமை, அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க, பேசிக்கலாம்." தன்னை விரட்டிவிட்டு வரப்போகிறவனுக்குத் தானே வீடு பெருக்கிக் கோலம் போட்டுக் கொடுக்கிற வேலை என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது, ஆனால் பெருக்கினாள், ஒரு மூலை விடாமல் பெருக்கினாள், ஏனென்றால் பெருக்குகிற லட்சணத்தைப் பார்த்துத்தான் ஒருத்தியை வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், வேறு எதுவும் வேண்டாம், அது மட்டும் வேண்டும்.

இரண்டு நாற்பதுக்கு அந்த வரி கண்ணில் பட்டது. படிவங்களைப் பற்றிய பக்கம், சுகந்தியின் பாதி. ஃபீல்டும் ஃபீல்டும் ஒன்றல்ல என்று எழுதியிருந்தது. ஃபீல்டு வேண்டிய இடத்தில் ஃபீல்டைப் போட்டால் உங்கள் தகவல் சேமிக்கப்படாது, ஆகவே ஃபீல்டையும் ஃபீல்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜெசிந்தா சிரித்துவிட்டாள். பக்கத்து வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது, அந்த வரியை இன்னொருதரம் வாசித்தாள். மைனாவில் ஃபீல்டு என்று முடிகிற பெயர்கள் இரண்டு. ஒன்று திரையில் நாம் எழுதுகிற கட்டம், மற்றது எழுதியதைச் சேர்த்துவைக்கிற இடம். முழுப் பெயரும் போட்டால் ஒன்று ஃபார்ம்ஸ் வீட்டுப் பிள்ளை, மற்றது மாடல்ஸ் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். முழுப் பெயர் ரயில் மாதிரி நீளம் என்பதால் முன்னால் ஒரு சின்ன அலைக்குறி போடுவார்கள், போட்டால் வீட்டுப் பெயர் மறைந்து வால் மட்டும் தெரியும். அதை ஒவ்வொரு இடமாகப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். சுகந்தி நேற்றுச் சாயங்காலம் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அவசரத்தில் ஒரே கட்டளையில் அத்தனை பெயருக்கும் அலையை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். க்ளிக் செய்தால் இரண்டும் சரியான பக்கத்துக்குத்தான் போகின்றன, அதனால் சோதிக்கிற நிரலுக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அவளுக்கும் பூஜ்யம் என்றே காட்டிவிட்டது. கண்ணால் வாசிக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கட்டடத்தில் கண்ணால் வாசிக்கிறவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி கண் ஆஸ்பத்திரியில் மாமியாருக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறாள்.

போனை எடுத்தாள், பெயரைத் தேடினாள், சுகந்தி என்ற எழுத்தின் மேல் விரல் போய் நின்றது, போனைக் கவிழ்த்து வைத்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? திங்கட்கிழமை சுகந்தி யோசித்தாளா? திங்கட்கிழமை நடந்ததை ஜெசிந்தா இந்த நான்கு நாளாக நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தாள், இப்போது அது தானாக எழுந்து வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. லாகின் பற்றிய இணைப்புகள் முப்பத்தொன்றையும் ஜெசிந்தா பழைய பக்கத்துக்கே திருப்பிவிட்டிருந்தாள், அந்தப் பழைய பக்கம் இன்னும் சாகாமல் கிடந்ததால் எச்சரிக்கை ஏதும் வரவில்லை. சுகந்திதான் பார்த்தாள். நினைத்திருந்தால் அவளே திருத்தி அனுப்பியிருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. ஆனால் இங்கே யார் எதைத் திருத்தினாலும் திருத்தியவர் பெயர், நேரம், எதற்காக என்று ஒரு வரி, மூன்றும் சேர்ந்து ரகோத்தமன் உட்பட எட்டுப் பேருக்கு மெயிலாகப் போகும், போனது போனதுதான், பத்து வருஷம் கழித்தும் தோண்டி எடுக்கலாம். ஒருத்தியின் தப்பை இன்னொருத்தி திருத்தினால் அது ஊரறியச் சொன்ன மாதிரி. அதனால் சுகந்தி மாடிப்படிக்கு வரச்சொன்னாள். "லாகின் லிங்க் எல்லாம் பழசுக்குப் போவுதுடி, போய்ப் பாத்துக்கோ" என்றாள், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, உடனே மகனின் அரையாண்டுப் பரீட்சைக்குத் தாவிவிட்டாள். ஜெசிந்தா கீழே வந்து தன் பெயரிலேயே திருத்தினாள். தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் தானே சரிசெய்தவளாக இன்றைக்கும் ஏட்டில் நிற்கிறாள், ரகோத்தமன் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தி ஒரு பதில்கூடப் போட்டான். அந்தக் கட்டைவிரல் சுகந்திக்கும் வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஒரு சின்னக் குத்தலாவது விட்டிருந்தால், எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நல்லவர்களோடு பழகுவது லேசு இல்லை, மனசுக்குள் கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும், அடைக்க வழியும் விட மாட்டார்கள். சுகந்தியின் புருஷன் பேங்கில் இருக்கிறான். வீட்டில் மனிதர்கள் சிரித்துப் பேசுகிறவர்கள். இந்த வேலை போனால் அவளுக்கு என்ன, நாலு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள், ஐந்தாம் நாள் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். சுகந்திகள் எங்கேயும் முளைத்துவிடுவார்கள்.

தனக்கு அப்படி இல்லை. நாற்பத்தாறு வயதில், உதவிப் பக்கம் எழுதுகிறவளை, அதுவும் மெஷின் எழுதுகிற காலத்தில், எவன் கூப்பிடுவான்? வீட்டில் புருஷன் ஆரோக்கியராஜ் இருக்கிறார். முதுகுத்தண்டைக் காரணம் காட்டித் துறைமுக வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர், காலையில் செய்தித்தாளை ஓரம் கிழியாமல் நான்காக மடிப்பவர், பகல் முழுக்க டிவிக்கு எதிரே உட்கார்ந்து, அவள் வீட்டுக்குள் நுழையும்போது, "ட்ராஃபிக்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பவர். அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. காலை எட்டரையிலிருந்து இரவு ஏழரை வரை தான் அந்த வீட்டில் இல்லை என்பதால்தான் அது வீடாக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கலாம். இனி அந்த டிவிக்கு எதிரே இரண்டாவது நாற்காலி. "நாந்தான் அன்னைக்கே சொன்னம்லா, டீச்சர் ட்ரெய்னிங் போன்னு" என்பார், ஒரு தடவைதான் சொல்வார், பிறகு நாலு வருஷம் சொல்லாமல் இருப்பார், சொல்லாமல் இருப்பதுதான் பெரிய சத்தமாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது, "இப்ப எங்க இருக்கிய ஜெசி?" என்று கேட்பார்கள். வீட்ல இருக்கேன். அந்தப் பதிலை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். இல்லை, அதெல்லாம் இல்லை, இது வேறு விஷயம், இது வேலை சம்பந்தப்பட்டது. அந்தப் பக்கத்தை இந்த நிமிஷம் எங்கோ ஒருவன் நம்பி வாசித்துக்கொண்டிருப்பான். அவன் ஃபீல்டுக்குப் பதில் ஃபீல்டைப் போடுவான், ஒரு நாள் முழுக்கச் சேர்த்த தகவல் எல்லாம் போய்விடும், அதற்கு யார் பொறுப்பு? வாசகன் முக்கியம். பதினாலு வருஷமாக வாசகன் முக்கியம் என்றுதானே எழுதினாள்? முகம் தெரியாத அந்த வாசகன் மேல் அவளுக்குத் திடீரென்று பொங்கிய அக்கறையைப் பார்த்து அவளுக்கே கூசியது. அவன் இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் செத்துப்போக மாட்டான்.

மூன்று பத்துக்கு, கவிழ்த்துவைத்த போன் மேஜையில் நடுங்கியது. சுகந்தி.

"ஏன்டி, ரகு என்னக் கேட்டானா?"

"இல்லியே. அத்தைக்கு எப்படி இருக்கு?"

"பரவால்ல. கட்டுப் போட்டு உக்கார வெச்சிருக்காங்க, தோசை வேணுங்கிறாங்க. நாலரைக்குள்ள வந்துருவேன். கேளு, நேத்து அவசரத்துல மொத்தமா ஓட்டிவிட்டுட்டு வந்துட்டேன், மனசே சரியில்ல. என் பாதி எல்லாம் சரியா இருக்குல்ல?"

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். ஃபீல்டும் ஃபீல்டும் அங்கேயே இருந்தன.

"வார்னிங் ஒண்ணும் இல்லடி. பூஜ்யம்தான் காட்டுது."

"அப்பாடா. சரி, வெச்சிடறேன், நர்ஸு கூப்புடுது."

பொய் சொல்லவில்லை. அதை முதலில் பிடித்துக்கொண்டாள். பூஜ்யம்தான் காட்டுகிறது, காட்டுவதைச் சொன்னாள், இதில் பொய் எங்கே இருக்கிறது? பாதிரியாரிடம் போய் முழந்தாள் போட்டாலும் பொய் என்ற கணக்கில் இது வராது. ஆனால் அப்பாடா என்று அவள் சொன்னது காதுக்குள்ளேயே தங்கிவிட்டது, எடுத்துப் போட முடியவில்லை. திரும்பக் கூப்பிடலாம். இப்போதுதான் பார்த்தேன், அந்தப் படிவப் பக்கம் ஒரு மாதிரி இருக்கு என்று சொல்லலாம், அவள் வந்து அவள் பெயரிலேயே நாலே முக்காலுக்குள் திருத்திவிடுவாள். அவள் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால் அதற்கும் வழி உண்டு, தானே திருத்திவிட்டு, செய்தது சுகந்தி என்று அவள் பெயரைப் போட்டு அனுப்ப இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது, போன வருஷம் சுகந்திக்குக் காய்ச்சல் வந்தபோது ஒருதரம் அப்படிச் செய்தும் இருக்கிறாள், எப்படிச் செய்வது என்று தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை, இரண்டு பூஜ்யங்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ரகோத்தமன் இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்ளட்டும். அங்கேதான் இடித்தது. இரண்டு பூஜ்யங்கள் இருந்தால் அவன் சுகந்தியை எடுப்பான். அவள்தான் கேள்வி கேட்கிறவள், அவள்தான் கூட்டத்தில் சிரிக்கவைக்கிறவள், ஜெசிந்தா என்ற ஒருத்தி அறையில் இருப்பதை அவன் ஏசி ரிமோட்டைத் தேடும்போதுதான் கவனிப்பான். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை அந்தப் பக்கத்தைத் திறந்து அலைக்குறிகளை எடுக்க ஆரம்பித்திருந்தது. சும்மா, எத்தனை இடம் என்று பார்க்கத்தான். எடுப்பது வேறு, அனுப்புவது வேறு. ஃபார்ம்ஸ் ஃபீல்டு, மாடல்ஸ் ஃபீல்டு, ஃபார்ம்ஸ் ஃபீல்டு. ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பெயர் திரும்ப வந்து உட்கார்ந்ததும் வாக்கியம் தெளிந்தது, அந்தத் தெளிவு அவளுக்குப் பிடித்திருந்தது, கெட்ட காரியம் செய்யும்போதுகூட கை சுத்தமாக வேலை செய்கிறதே என்று இருந்தது. பிறகு அந்த ஒரு வரி, எதற்காகத் திருத்தினோம் என்கிற வரி. அதற்குத்தான் நேரம் பிடித்தது. நேற்று மொத்தமாகச் செய்த மாற்றத்தில் நேர்ந்த பிழை என்று எழுதினாள், அழித்தாள், அது காட்டிக்கொடுப்பது. சிறு திருத்தம் என்று எழுதினாள், அழித்தாள், அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அழித்த பிறகுதான், யாராவது திறந்து பார்க்க வேண்டும் என்று தான் விரும்புவது அவளுக்கே தெரிந்தது. வாசகர் குழம்பாமல் இருக்க, படிவப் பக்கத்தில் மறைந்துபோன முழுப் பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தது என்று எழுதினாள். யாரையும் குறை சொல்லாத வரி. மறைந்துபோன என்றால், மறைத்தது யார் என்று பார்க்க ரகோத்தமனுக்கு ஒரு க்ளிக் போதும். மணி மூன்று ஐம்பத்திரண்டு. அனுப்பினாள்.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள், கண்ணாடியைப் பார்க்காமல் வந்தாள். நாலு ஐந்துக்கு ரகோத்தமனிடமிருந்து பதில் வந்தது, எட்டுப் பேருக்கும். நல்ல கவனிப்பு, ஜெசிந்தா. பதினாலு வருஷத்தில் முதன்முறையாக அவள் பெயரை யாரோ ஊர் கேட்கக் கூப்பிட்ட மாதிரி இருந்தது, அற்பமாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, அதை அவள் விரட்டவும் இல்லை. எட்டுப் பேரில் சுகந்தியும் ஒருத்தி. ஆட்டோவில் வந்துகொண்டிருப்பாள், போன் கையில்தான் இருக்கும். நாலு முப்பத்தைந்துக்கு சுகந்தி வந்தாள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல், புடவையெல்லாம் மருந்து வாடை. பையை வைத்தாள், உட்கார்ந்தாள், லாப்டாப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே நிதானமாக வாசித்தாள். ஜெசிந்தா அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு மூன்று பதில் தயாராக வைத்திருந்தாள், ஆஸ்பத்திரியில் தொந்தரவு பண்ண வேண்டாம் என்றுதான், நீ போனை வைத்த பிறகுதான் பார்த்தேன், இப்படி. சுகந்தி திரும்பவே இல்லை. ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, "வா, போலாம்" என்றாள்.

கண்ணாடி அறையில் ரகோத்தமன் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை எதிரே நகர்த்தினான். முதலில் அந்த மெயிலைப் பற்றித்தான் பேசினான். "ஃபீல்டு விஷயம் நல்லவேளையா கண்ல பட்டுது. வெளிய தெரிஞ்சிருந்தா மானம் போயிருக்கும்." ஜெசிந்தா மேஜையைப் பார்த்தாள். சுகந்தி சொன்னாள், "தப்பு என்னோடதுதான் ரகு. மூணு மணிக்கு நான்தான் ஜெசிக்கு போன் பண்ணி என் பாதியக் கொஞ்சம் பாருன்னு சொன்னேன். அவ பாத்துட்டு சொன்னா. ஆஸ்பத்திரில லாப்டாப் இல்ல, நீயே போட்டுருன்னுட்டேன்."

"அப்படியா ஜெசிந்தா?"

"ஆமா" என்றாள் ஜெசிந்தா. அந்த நொடியில் அவள் சுகந்தியை வெறுத்தாள். வாழ்க்கையில் வேறு யாரையும், ஆரோக்கியராஜைக்கூட, அப்படி வெறுத்ததில்லை. திருட்டுக் கையைப் பிடித்து இழுத்து, அதில் பூவைத் திணித்து, ஊர் பார்க்கத் தூக்கிக் காட்டுகிறாளே.

"நல்ல டீம் நீங்க ரெண்டு பேரும்" என்றான் ரகோத்தமன், நிஜமாகவே வருத்தப்பட்டான். பிறகு ஒரு கவரை எடுத்து சுகந்தியின் பக்கம் வைத்தான். "என் கையில ஒண்ணும் இல்ல சுகந்தி. புதன்கிழமையே மேலேருந்து வந்துடுச்சு. சர்வீஸ் யாருக்கு அதிகம்னு மட்டுந்தான் பாத்தாங்க. ஜெசிந்தா உங்களுக்கு முன்னாடி சேர்ந்தவங்க, அஞ்சு மாசம். இன்னைக்கு வேலைய முடிச்சுட்டு சொல்லலாம்னு இருந்தேன்." கவரின் மேல் புதன்கிழமைத் தேதி இருந்தது. ஜெசிந்தா அதைத் தலைகீழாக வாசித்தாள், இன்னொருதரம் வாசித்தாள். புதன்கிழமை. இரண்டு நாற்பதும் மூன்று பத்தும் மூன்று ஐம்பத்திரண்டும் வருவதற்கு இரண்டு நாள் முன்னால். அவள் செய்ததற்கு ஒரு பலனும் இல்லை. வேலைக்காகத்தான் செய்தேன் என்று பின்னால் ஒருநாள் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. செய்தது மட்டும் அப்படியே நின்றது, அவள் பெயரோடு, நேரத்தோடு. சுகந்தி கவரைப் பிரிக்காமல் ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள், "சரி ரகு" என்றாள், தண்ணீர் பாட்டிலை மட்டும் தொடவில்லை.

இடத்துக்கு வந்து சுகந்தி பையை அடுக்கினாள். சீப்பு, சார்ஜர், ஒரு பெட்டி இஞ்சி மிட்டாய், மகன் வரைந்த ஒரு படம். பதின்மூன்றரை வருஷம் ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது. ஜெசிந்தா பக்கத்தில் போய் நின்றாள். "சுகந்தி, நான் வந்து" என்று ஆரம்பித்தாள். சுகந்தி பையின் ஜிப்பை இழுத்தாள், ஓரத்தில் துணி சிக்கியது, விடுவித்து மறுபடி இழுத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள், முகத்தில் கோபம் இருந்ததா என்று ஜெசிந்தாவால் சொல்ல முடியவில்லை, களைப்பு இருந்தது.

"அந்தப் பக்கத்துல கடைசியா ஒரு அட்டவணை இருக்கு பாரு," என்றாள், திங்கட்கிழமை மாடிப்படியில் சொன்ன அதே குரலில், "அதுல மூணு எடம் விட்டுட்ட. யாரும் பாக்கறதுக்குள்ள போட்டுரு. உன் பேர்லயே போட்டுக்கோ."

போய்விட்டாள். லிஃப்ட் வந்து கதவு மூடும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா உட்கார்ந்து பக்கத்தைக் கீழே இறக்கினாள். மூன்று இருந்தன.